முன்னால் இருப்பவர் சொல்வது

ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கண்டக்டர் இறங்கிப் போய் நேரமாகிவிட்டது. டிரைவர் மலைச்சாலையின் ஓரத்தில் இரட்டைச் சைக்கிளைத் தாங்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஓரம் என்பதே கண்டக்டர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம், விளிம்பில் தடுப்புக் கல் இருக்கிறது, சும்மா காலை நகர்த்திக்கொண்டிருக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு வேன் நின்று உறுமிக்கொண்டிருந்தது. இன்ஜெக்டர் ஒன்று சரியில்லை, நின்ற இடத்திலேயே ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுக்கிறது, இதைக் கட்டிக்கொண்டா மலையேற வந்தார்கள் என்று டிரைவர் தனக்குள் சிரித்துக்கொண்டார். கண் போனாலும் தொழில் புத்தி போகுமா? வேனின் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் ஏதோ கேட்க, கண்டக்டர் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது காதில் விழவில்லை. அதுதான் அதிசயம். பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவரை எழுப்பி டிக்கெட் கொடுத்துப் பழகிய குரல் அது. மெதுவாகப் பேசுவது என்றால் அந்த மனிதருக்கு என்னவென்றே தெரியாது.

திரும்பி வந்தவரிடம் வேனில் யார் என்று டிரைவர் கேட்டார். போட்டி நடத்துகிறவர்கள்தான், தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார்கள் என்றார் கண்டக்டர். முன் சீட்டில் ஏறி, பெடலை மேலே கொண்டுவந்து, வழக்கம்போல் ரைட் என்றார். இருவரும் மிதித்தார்கள். வேன் அவர்களைக் கடந்து மேலே போயிற்று.

இரண்டு திருப்பம் தாண்டிய பிறகுதான் டிரைவருக்கு உறைத்தது. முன்னால் இருப்பவர் முதுகில் நம்பர் இல்லை. பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து நாலு மூலையிலும் ஊக்குக் குத்தி, காலையிலேயே கண்டக்டர் முதுகில் மாட்டியிருந்தார்கள். இரட்டைச் சைக்கிளில் பின்னால் உட்காருகிறவர் முகத்துக்கும் முன்னால் இருப்பவர் முதுகுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. காலையிலிருந்து அந்தத் தாள் காற்றில் சடசடவென்று டிரைவரின் மூஞ்சிக்கு நேரே அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் வாயை மூடச் சொல்லுய்யா உன் நம்பரை என்று அவர் இரண்டு தடவை கேலிகூடச் செய்திருந்தார். இப்போது காற்று அப்படியேதான் வீசுகிறது. சடசடப்பைக் காணோம்.

நம்பர் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். பெயர் கொடுக்கும்போதே விதிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்தான். மதியத்துக்குள் மூன்றாவது தண்ணீர்க் கூடாரத்தைத் தாண்டாதவர்களைக் கடைசி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். ஏறமாட்டேன் என்பவர் நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு அவர் போட்டியில் இல்லை, சாலையில் சும்மா சைக்கிள் ஓட்டுகிற ஆள். ஆக அந்த ஆஸ்துமா வேன்தான் கடைசி வண்டி. கதை முடிந்துவிட்டது. முடிந்தது முடிந்ததுதான், தோற்பது ஒன்றும் டிரைவருக்குப் புதிதில்லை. ஆனால் கண்டக்டர் அதைச் சொல்லவில்லை. மிதித்துக்கொண்டே, இப்போது சொல்வார், அடுத்த திருப்பத்தில் சொல்வார், மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வார் என்று டிரைவர் காத்திருந்தார். கண்டக்டர், லேசான ஏத்தம் வருது, கியர் மாத்துறேன் என்று மட்டும் சொன்னார்.

டிரைவர் எதற்கு இதற்குப் போய் இப்படிக் கலங்க வேண்டும் என்று யாரும் கேட்கலாம். கேட்கிறவருக்குக் கண் இருக்கிறது, அதனால் கேட்பார். இவர்கள் இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள். பஸ் நிலையத்தில் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் தெரிவது பாதி உலகம்தான். மீதிப் பாதி கண்டக்டர் வாயில் இருந்தது. வா, வா, வா, ஒடிச்சு வா, ஹோல்டான் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட டிரைவர் தலையை வெளியே நீட்டி, நிஜமாகவா என்று பார்த்ததில்லை. பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. மற்ற டிரைவர்கள், கட்டின பெண்டாட்டியை இப்படி நம்புவியாய்யா நீ என்று கிண்டல் அடிப்பார்கள். பெண்டாட்டி என்னை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதில்லையே என்பார் இவர்.

பிறகு கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். டாக்டர் பார்ப்போம், பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே இவருக்குப் பார்வை போய்விட்டது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவில் இருந்த கொஞ்சமும் போனது. இருட்டுக்குப் பழகிவிட்டார், அது பொய்யில்லை. பழக முடியாதது வீட்டார் பேச்சு. கண் போன மனிதருக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல உலகத்தைக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மனைவி அடிப்பிடித்த குழம்பைச் சுண்ட வைத்தேன் என்பாள். மகள் எதையும் இடம் மாற்றவில்லை அப்பா என்பாள், அடுத்த நிமிஷம் இவர் கால்விரல் நாற்காலியில் இடித்து நிற்கும். மருமகன் பேப்பர் வாசித்துக் காட்டும்போது நடுநடுவே தாண்டிப் போவது, தாளைத் திருப்பும் சத்தத்திலேயே தெரியும். எல்லாம் பாசத்தில் செய்வதுதான், யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் எது மெய், எது இவருக்காகச் சொன்னது என்று தெரியாமல் ஒவ்வொரு சொல்லையும் காலால் தடவித் தடவிப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு விசேஷத்துக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். எல்லாரும் மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க என்றார்கள். கண்டக்டர் வந்தார், முதுகைத் தட்டினார். "யாருய்யா இத உனக்குப் போட்டு விட்டது? இஸ்திரிப் பெட்டி வச்ச இடம் அப்படியே கறுகி நிக்குது." அன்றைக்கு டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். உலகத்தில் ஒரு ஆளாவது இருக்கிறானே என்று.

சைக்கிள் யோசனை கண்டக்டருடையது. பார்வையில்லாதவர்களுக்கான சங்கம் ஒன்றில் இரட்டைச் சைக்கிள் இரவல் தருகிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு, அதை உருட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இனிமே நான் ஓட்டுறேன், நீ பின்னாடி உக்காந்து விசில் அடி என்றார். ஊரைச் சுற்றினார்கள், பாலம் ஏறினார்கள், பிறகு இந்த மலைப் போட்டி. பெயர் கொடுத்த இடத்தில், பார்வையில்லாதவர் என்பதால் கூடுதல் நேரம் தருகிறோம் என்றாள் ஒரு பெண், குழந்தையிடம் பேசும் குரலில். வேண்டாம் என்றார் டிரைவர். எல்லாருக்கும் உள்ள நேரம்தான் எனக்கும். வெளியே வந்ததும் கண்டக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். முடியாமல் போனால் முடியவில்லை என்று சொல்லிவிட வேண்டும், வண்டி வந்தால் வண்டி வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கண்டக்டர், இதை வேற சொல்லணுமாய்யா என்றார்.

அதனால்தான் கலங்கினார். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

சாலை செங்குத்தாக ஏற ஆரம்பித்தது. செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் முனகியது. டிரைவர் சாடையாகக் கேட்டுப் பார்த்தார், ஒரு வாய்ப்புக் கொடுத்த மாதிரி. நமக்குப் பின்னாடி யாராச்சும் இருக்காங்களா? இருக்காங்களே, பத்துப் பேர் இருப்பாங்க, ஒருத்தன் சைக்கிளத் தள்ளிட்டு வர்றான் பாவம் என்றார் கண்டக்டர். டிரைவர் காதைப் பின்னால் வைத்துக் கேட்டார். ஒரு செயின் சத்தம் இல்லை, ஒரு பேச்சு இல்லை. ஏதோ பூச்சி மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்தத் தள்ளிக்கொண்டு வருகிறவனைப் பற்றிக் கண்டக்டர் இன்னும் கொஞ்சம் சொன்னார். சிவப்புச் சட்டையாம், தொப்பையாம். பொய்க்குத் தொப்பை எல்லாம் வைத்து அழகு பார்க்கிறாரே இந்த மனுஷன் என்று டிரைவருக்கு நெஞ்சு கசந்தது.

மூன்றாவது கூடாரம் வந்துவிட்டது என்று சொல்லிக் கண்டக்டர் நிறுத்தினார். இறங்கியதும் டிரைவருக்குக் காலடியில் நசுங்கிய புல் தட்டுப்பட்டது, ஒரு கயிற்றுத் துண்டும் தட்டுப்பட்டது. கூடாரம் இருந்த இடம்தான், சந்தேகமில்லை. காலையில் தாண்டிய இரண்டு கூடாரங்களிலும் பாட்டு அலறியது, பிள்ளைகள் கை தட்டினார்கள், யாரோ தோளில் தட்டி, சூப்பர் சார் என்றார்கள். இங்கே காற்றுத்தான். கண்டக்டர் நாலைந்து அடி தள்ளிப் போய், "தேங்க்ஸ்ங்க... இல்லங்க, பழம் வேணாம், தண்ணி மட்டும் போதும்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு பாட்டிலிலிருந்து இன்னொரு பாட்டிலுக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டிரைவர் கையில் பாட்டில் வந்தது. குடித்தார். இனித்தது. கண்டக்டர் காலையில் தன் பாட்டிலில் மட்டும்தான் குளுக்கோஸ் கரைத்திருந்தார், டிரைவருக்குச் சர்க்கரை வியாதி என்று அவர் பாட்டிலில் மருந்துக்கும் சேர்க்கவில்லை. ஆக தன் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார். இனி உச்சி வரைக்கும் அவருக்கு ஒரு மடக்கு கிடையாது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அவர் பேசுவதே டிரைவருக்குக் கேட்டது.

அங்கேயே கேட்டிருக்கலாம். யார்கிட்டய்யா பேசினே இப்போ என்று ஒரு வார்த்தை. வாய் வரை வந்தது. ஆளில்லாத வெளியில் நின்று காற்றுக்கு நன்றி சொன்ன மனிதரை எப்படிப் பிடித்து உலுக்குவது? அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு எப்படி உலுக்குவது? டிரைவர் பாட்டிலை நீட்டி, நீயும் குடி என்றார். நான் குடிச்சாச்சு என்றார் கண்டக்டர். அது அடுத்த பொய்.

அதற்குப் பிறகான ஏற்றம் கொடுமை. தொடை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது, மூச்சு முட்டியது. கண்டக்டர் நடுநடுவே, முன்னாடி ரெண்டு பேர், தாண்டிருவோம், தாண்டியாச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் உம் கொட்டினார். இல்லாத ஆட்களைத் தாண்டுவதற்காக வயசான இரண்டு மனிதர்கள் உயிரைக் கொடுத்து மிதித்தார்கள். காலை நிறுத்திவிட்டால் என்ன என்று டிரைவருக்குத் தோன்றியது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார், பேச வேண்டிவரும், பேசிவிட்டால் பிறகு நம்புவதற்கு ஒருவரும் இல்லாமல் போய்விடும். மிதிக்கிற வரைக்கும் தள்ளிப் போடலாம்.

சாலை சமமானது. குளிர்ந்த காற்று இரண்டு பக்கமும் தடையில்லாமல் அடித்தது. உச்சிதான். கண்டக்டர் இறங்கி டிரைவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வந்துட்டோம்யா, நேரத்துக்குள்ள வந்துட்டோம் என்றார். பிறகு இவர் கழுத்தில் நாடாவோடு ஏதோ விழுந்தது. வட்டமாக, கனமாக, ஓரத்தில் பூவேலையோடு ஒரு பதக்கம். டிரைவர் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். மலை உச்சியில் இரும்பு ஜில்லென்று இருக்க வேண்டும். இது ஆள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வளவு நேரமாகச் சட்டைப் பையில் கிடந்ததோ. அந்த வேன்காரப் பெண், பாவம் கொடுத்துருங்க என்று நீட்டியிருப்பாள். இவர் வாங்கிக்கொண்டிருப்பார். அதைத்தான் மெதுவாகப் பேசியிருக்கிறார்கள்.

"நம்பர் எங்கய்யா?" என்றார் டிரைவர்.

"எந்த நம்பர்?"

"உன் முதுகுல இருந்தது."

கண்டக்டர் கீழே உட்காருகிற சத்தம் கேட்டது, முட்டி மடக்கும்போது வரும் முனகலோடு. பிறகு சொன்னார், எல்லாவற்றையும் சொன்னார். கிளம்புவதற்கு முந்தின நாள் டிரைவரின் மனைவி அவரைத் தனியாகக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். மனுஷன் காலையில் எழுந்து கட்டில் ஓரத்திலேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார் அண்ணே, இதிலும் தோற்றால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார், எப்படியாவது ஜெயித்ததாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று. நான் என்ன செய்யட்டும், வேன் வந்தப்போ சொல்ல வாய் வரல என்றார் கண்டக்டர்.

டிரைவருக்குக் கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற என்னல்லாம் இப்படிச் சொன்னே எனக்கு?"

"வேற ஒண்ணும் இல்லய்யா. இது ஒண்ணுதான். என் பிள்ளை மேல சத்தியமா, இது ஒண்ணுதான் பொய்."

அதுதான் தாங்கவில்லை. ஒன்றுதான் என்பதையும் அவர்தானே சொல்கிறார்? டிப்போவில் எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள் என்று வாரம் தவறாமல் வந்து சொன்னாரே, கேட்டார்களா? உன் சீட்டில் உட்காருகிற புதுப் பையன் கியர் போட்டால் பஸ்ஸே தும்முகிறது, ஜனங்கள் உன்னை நினைத்துப் புலம்புகிறார்கள் என்றாரே, புலம்பினார்களா? சட்டை கறுகியிருக்கிறது என்று சொன்னதை வைத்து அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்பியாகிவிட்டது. ஒவ்வொன்றாக டிரைவர் எடுத்துப் பார்த்தார், ஒவ்வொன்றும் கையில் நிற்காமல் நழுவியது. கடைசியில் அந்த நாள் ஞாபகம் வந்தது. பஸ் ஓட்டிய கடைசி நாள். ஓரங்கள் எல்லாம் மங்கிப்போய், இன்னும் யாரிடமும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு நிறுத்தத்தில் இருந்து எடுக்கும்போது இடது பக்கம் பொத்தென்று ஒரு சத்தம். பிரேக்கை அழுத்திவிட்டு, என்னய்யா அது என்று கேட்டார். கண்டக்டர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, ஒண்ணுமில்ல, போலாம் ரைட் என்றார். இவர் போய்விட்டார். அந்த ரைட் என்ற சொல் இருந்ததால் இத்தனை நாளும் தூங்கினார்.

"அன்னிக்கு அந்தச் சத்தம்," என்றார் டிரைவர். "கடைசி நாள். அது என்ன?"

"குப்பைத் தொட்டிய்யா," என்றார் கண்டக்டர் உடனே.

அன்றைக்கு ஒண்ணுமில்ல. இன்றைக்குக் குப்பைத் தொட்டி. ஆள் என்றால் போலீஸ் வந்திருக்கும், கூட்டம் கூடியிருக்கும், அந்தளவுக்கு அறிவு வேலை செய்தது. நாயாக இருக்கலாம். விழுந்து, எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டு போன யாரோ ஒருவராக இருக்கலாம். நிஜமாகவே குப்பைத் தொட்டியாகவும் இருக்கலாம், அதில்தான் வேதனை. மெய்யாக இருந்தாலும் இனி அது இவருக்குப் பயன்படாது. டிரைவர் வாயைத் திறந்து, சரி என்றார். வீட்டில் எல்லாரிடமும் சொல்கிற அதே சரி. கண்டக்டர் நம்பினாரோ இல்லையோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து சைக்கிளை நிமிர்த்தினார்.

இறங்கித்தான் ஆக வேண்டும். வேன் அப்போதே போய்விட்டது, கூட்டிப் போக ஆள் கிடையாது, பொழுதும் சாய்கிறது என்றார் கண்டக்டர். அந்தச் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஏறும்போது அதற்கு வேலை இல்லை. இறக்கத்தில் வண்டி கனத்தோடு பாயும்போது முன்னால் இருப்பவர் பிடி என்றால் பிடிக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும். பாலத்தில் இறங்கும்போதெல்லாம் டிரைவர் அதைக் காதும் கையும் ஒன்றாக இருக்கிற மாதிரி செய்வார், நடுவில் யோசனை என்று ஒன்று இருக்காது.

இப்போதும் முதல் திருப்பத்தில் பிடி என்றதும் பிடித்தார். இடது பக்கம் பள்ளத்திலிருந்து குளிர்ந்த காற்று மேலே ஏறி வந்து கன்னத்தில் பட்டது. சைக்கிள் சாய்ந்து திரும்பி நிமிர்ந்தது.

"விடு. நேர் ரோடு."

விரல்கள் அசையவில்லை. டிரைவர் விடத்தான் நினைத்தார். சக்கரத்தில் ரப்பர் உரசி நாற்றம் எழுந்தது. வேகம் குறைந்து, வண்டி தள்ளாடி, கண்டக்டர் காலை ஊன்றும்படி ஆயிற்று. இவரும் ஊன்றினார். நடுச்சாலையா ஓரமா என்று தெரியவில்லை.

"விடுய்யா," என்றார் கண்டக்டர் மெதுவாக. "நேராத்தான் இருக்கு. ஒண்ணுமில்ல."

டிரைவர் தலையை ஆட்டினார். சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தார், அது தூக்கியது, மறுபடி போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இன்னொரு கையால் அந்தக் கையைத் தடவினார். மரத்துப்போய், முட்டிகள் எலும்பெடுத்து, யாருடைய கையோ போல இருந்தது. முன்னால் கண்டக்டர் காத்துக்கொண்டிருந்தார். அவர் கால் சறுக்கிச் சறுக்கி இறக்கத்தில் ஊன்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டிரைவர் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.